தாமிரம் தெரியும், ‘காப்பர்’ தெரியாது
ஜார்ஜ் சான்செஸ் என்ற ஆசிரியரின் ஆய்வுப் பயணம்

ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் படித்த எவருக்கும் அந்த வாய்பாடு மறந்திருக்காது. மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு. சராசரி எது, சராசரிக்கு மேல் எது, கீழ் எது என்ற அட்டவணையையும் சேர்த்து மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு வந்திருப்போம். அந்த எண்ணைக் கொண்டு ஒரு குழந்தையை எந்த வகுப்பறையில் உட்கார வைப்பது என்பதற்காக அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் பல்லாண்டுகள் நடந்த போராட்டம் பற்றி நான் படித்த பாடநூலில் ஒரு வரியும் இல்லை. அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர் ஓர் ஆசிரியர். பதினாறு வயதில் மலைக் கிராமப் பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கி, பின்னர் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தவர். பெயர் ஜார்ஜ் ஐ. சான்செஸ்.

சான்செஸ் 1906இல் நியூ மெக்சிகோவின் அல்புகர்கி நகரில் பிறந்தார். அப்போது நியூ மெக்சிகோ முழு மாநிலமாகக்கூட ஆகவில்லை, 1912இல்தான் ஆனது. அந்நிலம் 1848 வரை மெக்சிகோ நாட்டின் பகுதியாக இருந்தது. போரில் தோற்ற மெக்சிகோ அதை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தபோது அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த ஸ்பானிய மொழி பேசும் மக்கள், இடம் பெயராமலேயே வேறொரு நாட்டின் குடிமக்கள் ஆனார்கள். புதிய மாநிலத்தின் அரசியலமைப்பில் அவர்களுக்காக இரண்டு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஸ்பானிய மொழிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வகையில் ஆசிரியர்களுக்கு இரு மொழியிலும் பயிற்சி தரவேண்டும் என்றது ஒன்று. ஸ்பானிய வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் பிரித்து வைக்கக்கூடாது என்றது மற்றொன்று. தாளில் எழுதப்பட்டது அது. பள்ளியில் நடந்தது வேறு.

(ஒரு சிறு குறிப்பு. இம்மக்களைக் குறிக்கும் பெயர் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. சான்செஸ் காலத்தில் ‘ஸ்பானிய மொழி பேசுவோர்’, ‘மெக்சிகன்’ என்றார்கள். பிறகு ‘சிகானோ’ வந்தது, ‘லத்தீனோ’ வந்தது. ஆண், பெண் என்ற பாகுபாடு தோன்றாதிருக்க ‘லத்தீனெக்ஸ்’ என்று இப்போது கல்வியாளர்கள் பலர் எழுதுகிறார்கள். இக்கட்டுரையில் அந்தந்தக் காலத்துப் பெயரையே பயன்படுத்தியிருக்கிறேன்.)

சான்செஸின் தந்தை சுரங்கத் தொழிலாளி. அரிசோனா மாநிலத்தில் ஜெரோம் என்ற ஊரில் மகனின் இளமைப் பருவம் கழிந்தது. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஊரே தாமிரச் சுரங்கத்தை நம்பி எழுந்தது. பிறகு குடும்பம் அல்புகர்கிக்குத் திரும்பியது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, 1923இல், நகருக்குக் கிழக்கே மலைப்பகுதியில் இருந்த யிரிசாரி என்ற சிற்றூரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. குதிரையில் போய்ச் சேரவேண்டிய ஊர். பிள்ளைகள் வீட்டில் பேசியது ஸ்பானிய மொழி. பள்ளியில் புத்தகம் இருந்தது ஆங்கிலத்தில். அடுத்த ஏழு ஆண்டுகள் அந்த மாவட்டத்துப் பள்ளிகளிலேயே வேலை. கோடை விடுமுறையிலும் வார இறுதியிலும் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் படித்து 1930இல் பட்டம் பெற்றார். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியிலும் தொடர் வகுப்புகளிலும் பட்டம் வாங்கிய நம்மவர்களுக்கு அந்த ஏழு ஆண்டுகளின் எடை தெரியும்.

எந்தச் சொற்களில் அளப்பது?

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே உருவாக்கிய தேர்வின் நோக்கம் எளிமையானது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதே அது. அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்று பினே கருதவில்லை. அத்தேர்வு அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது அதன் பொருள் மாறிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் அதைத் திருத்தி வெளியிட்டார். நாம் படித்த ஸ்டான்ஃபோர்டு–பினே தேர்வு அதுதான். அதனோடு வெளிவந்த நூலில், தென்மேற்குப் பகுதியின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களிலும் செவ்விந்தியக் குடும்பங்களிலும் கறுப்பினக் குடும்பங்களிலும் குறைந்த அறிவுத்திறன் மிகப் பரவலாகக் காணப்படுகிறது என்றும், அது இனத்தோடு தொடர்புடையதாகத் தோன்றுகிறது என்றும், அக்குழந்தைகளைத் தனி வகுப்புகளில் வைக்கவேண்டும் என்றும் டெர்மன் எழுதினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ‘மெக்சிகன் குழந்தைகளின் நுண்ணறிவு’ பற்றி ஆய்வுக் கட்டுரைகள் அடுக்கடுக்காக வந்தன. ஆங்கிலத்தில் தேர்வு வைப்பது, மதிப்பெண் குறைவதைக் காண்பது, இனத்தைக் காரணம் காட்டுவது என்று பெரும்பாலானவை ஒரே தடத்தில் சென்றன.

டெர்மனின் தேர்வில் சொல்வளப் பகுதி ஒன்று உண்டு. தேர்வாளர் ஒரு சொல்லைச் சொல்வார். குழந்தை அதன் பொருளைச் சொல்லவேண்டும். 1916ஆம் ஆண்டுப் பட்டியலின் முதல் சில சொற்களில் ‘பட்டில்’ என்பது ஒன்று. மழை நின்றபின் தெருவில் தேங்கும் சிறு குட்டை என்று பொருள். ‘ஸ்கார்ச்’ என்பது ஒன்று, தீய்ந்துபோதல். ஒன்பதாவது சொல் ‘காப்பர்’.

ஜெரோம் ஊரின் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனை அந்த மேசை முன் உட்கார வைத்துப் பார்ப்போம். இது சான்செஸ் எழுதிய எடுத்துக்காட்டு அல்ல. பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. அந்தப் பிள்ளையின் அப்பா தினமும் தாமிரப் பாறை உடைத்துவிட்டு வருகிறார். ஊர்ப் பேச்செல்லாம் தாமிரத்தின் விலையைப் பற்றித்தான். விலை இறங்கினால் அடுப்பு எரியாது என்பதுவரை அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் வீட்டில் அதற்குப் பெயர் ‘கோப்ரே’. தேர்வாளர் ‘காப்பர்’ என்கிறார். பையன் விழிக்கிறான். விடைத்தாளில் சுழியம் விழுகிறது. ஒரு மொழியின் ஒரு சொல் தெரியவில்லை என்பது, கூட்டல் முடிந்து ஈவு கணக்கிடப்படும்போது, மூளையில் குறை என்று ஆகிவிடுகிறது.

சான்செஸ் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1931இல் முடித்த முதுநிலை ஆய்வு இந்த இடத்தில்தான் கைவைத்தது. ஸ்பானிய மொழிக் குழந்தைகளுக்கு ஒரே ஒரு தேர்வு வைத்து முடிவு கட்டாமல், அதே குழந்தைகளைக் காலம் விட்டு மீண்டும் மீண்டும் சோதித்தார். இடையில் அவர்கள் ஆங்கிலத்தில் பாடம் படித்துவந்தார்கள். ஒவ்வொரு முறையும் மதிப்பெண் ஏறியது. பிறவியில் வந்த அறிவுத்திறனை அத்தேர்வு அளக்கிறது என்பது உண்மையானால், சில மாதப் படிப்பில் அது ஏறுவதற்கு வழியில்லை. ஏறுகிறது என்றால், தேர்வு அளந்துகொண்டிருப்பது குழந்தையை அல்ல. குழந்தைக்கு அதுவரை கிடைத்த பள்ளிக்கூடத்தை. இந்த ஆய்வு 1932இல் ஆய்விதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

1934இல் வெளிவந்த ‘இருமொழியமும் மன அளவீடுகளும்: ஓர் எச்சரிக்கை’ என்ற கட்டுரைதான் அவருடைய ஆய்வுகளில் இன்றும் அதிகம் பேசப்படுவது. அதில் அவர் செய்த வேலை ஒன்று நம்மில் எவரும் செய்யக்கூடியது. நியூ மெக்சிகோ பள்ளிகளில் தொடக்க வகுப்புகளின் ஸ்பானிய மொழிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கென ஓர் ஆங்கிலச் சொற்பட்டியல் இருந்தது. அதை ஒரு பக்கத்தில் வைத்தார். அதே வயதுக் குழந்தைகளுக்கான ஸ்டான்ஃபோர்டு–பினே தேர்வின் கேள்விகளிலும் கட்டளைகளிலும் வரும் சொற்களை மறுபக்கத்தில் வைத்தார். ஒப்பிட்டார். தேர்வில் வந்த சொற்களில் பல, பள்ளி அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதாகக் கூறிய பட்டியலிலேயே இல்லை. விடை தெரியாமல் போவது இருக்கட்டும். கேள்வியே புரிவதற்கு வழியில்லை.

அப்படியானால் தேர்வை ஸ்பானிய மொழியில் பெயர்த்து வைத்தால் சரியாகிவிடுமா? சரியாகாது என்றார். ஒரு மொழியில் நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த எளிய சொல், மறுமொழியில் பெரியவர்கள் மட்டும் புழங்கும் சொல்லாக இருக்கலாம். நியூ மெக்சிகோ மலைக் கிராமத்தின் ஸ்பானிய மொழி, அகராதியின் ஸ்பானிய மொழி அல்ல. மேலும், வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் அந்தப் பிள்ளை பள்ளியில் அதை ஒரு நாளும் படித்ததில்லை. அளவுகோல் எந்தக் குழந்தைகளை வைத்து உருவாக்கப்பட்டதோ, அவர்களுக்குக் கிடைத்த அனுபவம் இந்தக் குழந்தைக்கும் அதே அளவு கிடைத்திருந்தால் மட்டுமே அந்த அளவுகோல் இவனுக்குப் பொருந்தும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

தேர்வே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை; இதைக் கவனிக்க வேண்டும். அவரே தேர்வுகளை வைத்தவர், புள்ளியியல் படித்தவர். தன் கருவியைத் தானே சந்தேகிக்கத் தெரிந்தவர் என்று சொல்லலாம். போர்வீரர்களுக்கு வைத்த தேர்வுகளைக் கொண்டு ஐரோப்பியக் குடியேறிகளைத் தரவரிசைப்படுத்தி 1923இல் நூல் எழுதிய கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர்கூட, 1930இல் தம் முடிவுகள் செல்லாதவை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். காலம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. வகுப்பறைக்கு அந்த மாற்றம் வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

அலுவலகம், ஊர் சுற்றல், ஒரு நூல்

1931இலேயே நியூ மெக்சிகோ மாநிலக் கல்வித் துறையின் தகவல், புள்ளியியல் பிரிவுக்குச் சான்செஸ் தலைவரானார். மாநிலத்தின் பள்ளிக் கணக்குகள் முழுவதும் அவர் மேசைக்கு வந்தன. ஸ்பானிய மொழி மக்கள் வாழும் மாவட்டங்களில் ஒரு மாணவருக்குச் செலவிடப்படும் தொகை குறைவு, ஆசிரியரின் தகுதியும் ஊதியமும் குறைவு, பள்ளி நடக்கும் நாள்களும் குறைவு. மதிப்பெண் குறைவதற்கான விளக்கத்தை இனத்தில் தேடியவர்கள் இந்தப் பேரேட்டைப் புரட்டியிருக்கவில்லை. பள்ளி நிதியை மாவட்டங்களுக்கிடையே சமன்செய்யவேண்டும் என்று அவர் வாதாடினார். அதனால் எதிரிகள் உருவானார்கள்.

1933இல் ஒரு சோதனை வந்தது. ஸ்பானிய மொழி மக்கள்மீது மாணவர்களுக்கு இருக்கும் மனப்பான்மையை அளக்கப் பல்கலைக்கழக உளவியலாளர் ஒருவர் கேள்வித்தாள் தயாரித்திருந்தார். தப்பெண்ணத்தை அளப்பதற்காக, தப்பெண்ணம் நிறைந்த வாசகங்களே அதில் இருந்தன. அது பள்ளிகளுக்குப் போவதற்குச் சான்செஸ் உதவியிருந்தார். தம்மை இழிவுபடுத்தவே இது எழுதப்பட்டது என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆளுநர் விசாரணை கேட்டார். கேள்வித்தாளைத் தயாரித்தவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. சான்செஸின் வேலை மயிரிழையில் தப்பியது. யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களே அவர்மேல் சினம் கொண்டார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சினத்தில் நியாயம் இருந்தது. ஒரு சமூகத்தைப் பற்றி அந்தச் சமூகத்தோடு பேசாமல் ஆய்வு செய்தால் என்ன ஆகும் என்பதை அவர் அந்த ஆண்டில் கற்றிருக்க வேண்டும்.

அதற்கிடையே 1934இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய பிரிவு ஒரு தனியார் அறக்கட்டளையின் நிதியில் நடந்தது. 1935இல் நிதி முடிந்தபோது மாநிலம் அதைத் தொடர முன்வரவில்லை. பின்னர் ஊர் ஊராக வாழ்க்கை. மெக்சிகோவின் கிராமப் பள்ளி இயக்கத்தை நேரில் ஆராய்ந்து 1936இல் நூல் எழுதினார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குழந்தைகளுக்கான கிராமப் பள்ளிகளோடு வேலை செய்தார். வெனிசுவேலாவில் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தை ஓராண்டு நடத்தினார்.

ஊர் திரும்பியவர் டாவோஸ் மாவட்டத்தை ஆராய்ந்து 1940இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘மறக்கப்பட்ட மக்கள்’. கல்வி ஆய்வு என்று தொடங்கும் அந்நூல் நிலம், மேய்ச்சல், வரி, உடல்நலம் என்று விரிகிறது. மேய்ச்சல் நிலத்தை இழந்த விவசாயி, கூலி தேடி வெளியூர் போகும் குடும்பம், ஆண்டில் பாதி நாள் மட்டும் பள்ளிக்கு வரும் குழந்தை, அந்தக் குழந்தைக்குக் கிழக்குக் கடற்கரைக் குழந்தைக்கென எழுதப்பட்ட பாடநூல் என்று ஒன்றோடொன்று கோத்துக் காட்டுகிறது. 1848இல் இம்மக்களைக் குடிமக்களாக ஏற்ற அரசு, அவர்களைப் புதிய வாழ்க்கைக்குத் தயார்செய்யும் பொறுப்பை ஏற்கவேயில்லை என்பது நூலின் குற்றச்சாட்டு.

முதல் வகுப்பில் மூன்று ஆண்டுகள்

1940இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் லத்தீன் அமெரிக்கக் கல்விப் பேராசிரியராக அவரை ஆஸ்டினுக்கு அழைத்தது. இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமைக்காக 1929இல் தொடங்கப்பட்ட ‘லூலாக்’ அமைப்புக்கு 1941–42இல் தலைவராகவும் இருந்தார்.

டெக்சஸ் நிலைமை நியூ மெக்சிகோவைவிடக் கடுமை. 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவது ஆசிரியருக்குத் தண்டனைக்குரிய குற்றம். வேற்று மொழியை ஒரு பாடமாகக் கற்பிக்கும்போது மட்டும் விலக்கு. அழுகிற முதல் வகுப்புப் பிள்ளைக்கு அதன் மொழியில் விளக்கம் சொன்னாலும் சட்டத்தின் பார்வையில் தவறு. பல ஊர்களில் ‘மெக்சிகன் பள்ளி’ என்று தனிக் கட்டடம் இருந்தது. மாநில அரசியலமைப்பு வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் மட்டுமே தனிப் பள்ளி என்று கூறியது. மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளைப் பிரிக்க எந்தச் சட்டமும் இல்லை. பள்ளி நிர்வாகங்கள் கல்விக் காரணத்தைச் சொல்லின: ‘அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, அவர்கள் நன்மைக்காகத்தான் தனியாக வைக்கிறோம்.’

அந்த மாநிலத்தில் வீட்டில் ஜெர்மன் பேசுகிற, செக் மொழி பேசுகிற குடும்பங்களும் ஏராளம். அக்குழந்தைகளை இப்படிப் பிரித்து வைக்கும் வழக்கம் இருக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் மெண்டஸ் குடும்பத்தினரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1946இலும், மேல்முறையீட்டில் 1947இலும் பிரித்துவைத்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. டெக்சஸிலும் வழக்குத் தொடுக்கத் துணிவு பிறந்தது. ஆஸ்டினுக்கு அருகே பாஸ்ட்ராப் பள்ளி மாவட்டத்தையும் வேறு சிலவற்றையும் எதிர்த்துத் தொடுக்கப்பட்ட டெல்காடோ வழக்கைத் தயாரிப்பதில் சான்செஸ் துணை நின்றார். 1948 ஜூன் மாதத்தில் நீதிபதி பென் ரைஸ் அளித்த தீர்ப்பு, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் வைப்பது சட்டவிரோதம் என்றது. ஒரே ஒரு விலக்கு கொடுத்தது. முதல் வகுப்பில் மட்டும், அதே பள்ளி வளாகத்துக்குள், மொழி தெரியாத குழந்தைகளைத் தனிப் பிரிவில் வைக்கலாம்; ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அறிவியல் முறையிலான தரப்படுத்தப்பட்ட தேர்வு வைத்தே அதை முடிவு செய்யவேண்டும்.

தேர்வு மறுபடியும் வாசலில் வந்து நின்றது.

அடுத்த ஆண்டு மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் எல்.ஏ. உட்ஸ், பிரித்துவைத்தலைக் கைவிடாத டெல் ரியோ ஊர்ப் பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தார். சட்டமன்றம் கல்வித் துறையின் அமைப்பையே மாற்றி, மக்கள் தேர்ந்தெடுக்கும் அந்தப் பதவியின் இடத்தில் நியமன ஆணையரைக் கொண்டுவந்தது. புதிய ஆணையர் அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆணையைச் செயல்படுத்த முயன்ற அதிகாரிக்கு நேர்ந்தது அது.

1951இல் சான்செஸ் வெளியிட்ட ‘ஸ்பானிய மொழிக் குழந்தைகளைப் பள்ளிகளில் பிரித்துவைத்தல் குறித்து’ என்ற சிறுநூல் இந்த விலக்கையே குறிவைத்தது. ஆங்கிலம் கற்கவேண்டிய குழந்தையை ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைப்பது எந்தக் கற்பித்தல் முறை? மொழி தெரியாதவர் என்று ஒரு குழந்தையின் பெயரைப் பார்த்தே முடிவு செய்வது எந்த அறிவியல்? பிரித்துவைத்தலுக்குச் சொல்லப்படும் கல்விக் காரணங்கள் கல்வியியலில் நிற்கமாட்டா என்று அதில் வாதிட்டார்.

அந்தக் கேள்விகள் எவ்வளவு கூர்மையானவை என்பது டிரிஸ்கால் ஊரில் தெரிந்தது. அவ்வூர்ப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு. அவர்களில் பெரும்பாலோர் முதல் வகுப்பிலேயே மூன்று ஆண்டுகள் உட்காரவேண்டியிருந்தது. மூன்றாண்டு முதல் வகுப்பில் இருந்த பிள்ளை பத்தாம் வயதில் என்ன மனநிலையில் இருக்கும் என்பதை நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. பாதியில் நின்றுவிடும் குழந்தைகளின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. வழக்கு 1957இல் நீதிபதி ஜேம்ஸ் ஆல்ரெட் முன் வந்தது. பள்ளித் தரப்பு வழக்கம்போல மொழியைக் காரணம் காட்டியது. அந்தத் தனிப் பிரிவில் உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே. குடும்பம் வழக்கறிஞரை நாடிய பிறகுதான் அவளை மாற்றினார்கள். தேர்வு எதுவும் வைத்து அவளைப் பிரிக்கவில்லை. குடும்பப் பெயரே போதுமானதாக இருந்தது. இது மொழியின்பேரில் செய்த பிரிவல்ல, இனத்தின்பேரில் செய்த பிரிவு என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ஒவ்வொரு குழந்தையின் தனித் திறனைப் பார்த்துக் குழு அமைக்கலாம். கூட்டமாக முத்திரை குத்தக்கூடாது.

வாதத்தின் இன்னொரு பக்கம்

சான்செஸைப் போற்றி எழுதும் பலர் தாண்டிப் போகும் ஒரு செய்தி உண்டு. லூலாக் தலைமுறையினர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் பயன்படுத்திய வாதம்: ‘நாங்கள் வெள்ளையர், எங்களை வெள்ளையரிடமிருந்து பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை.’ சட்ட நுணுக்கத்தில் அது வலுவான வாதம்தான். ஆனால் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்து வைத்த சட்டத்தை அது தொடவில்லை. கறுப்பினப் பள்ளிகளோடு வேலை செய்த அனுபவம் உடையவர் சான்செஸ். அந்த வாதத்தின் எல்லை அவருக்குத் தெரியாதிருக்க முடியாது. கிடைத்த ஆயுதத்தை எடுத்தார்கள் என்று சிலர் சொல்வர். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பதும் நியாயமே. அவர்களைப் பற்றி இன்று எழுதும் வரலாற்றாசிரியர்களிடையே இதில் ஒத்த கருத்து இல்லை.

அதைவிட ஒரு படி முன்னே போன வாதமும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. சட்டத்தில் எந்த இனமாக எழுதப்பட்டிருந்தாலும், ஊர் நடைமுறையில் தனிப் பிரிவாக நடத்தப்படும் மக்களுக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்பது அது. எர்னாண்டஸ் எதிர் டெக்சஸ் வழக்கில் 1954 மே 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரு மாவட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவர்கூட நடுவர் குழுவில் இடம்பெறாதது பற்றிய வழக்கு அது. பள்ளிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அந்த ஊரில் இம்மக்கள் தனிப் பிரிவாக நடத்தப்பட்டதற்கு நீதிமன்றம் எடுத்துக்காட்டிய சான்றுகளில், அண்மைக் காலம்வரை முதல் நான்கு வகுப்புகளுக்குத் தனிப் பள்ளி இருந்ததும் ஒன்று. இரண்டு வாரம் கழித்து, மே 17 அன்று, பள்ளிகளில் இனப் பிரிவினையைச் செல்லாதாக்கிய பிரவுன் தீர்ப்பு வந்தது.

பின்னால் வந்தவர்கள்

1968 ஜனவரியில் இருமொழிக் கல்விச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அவரும் ஒரு காலத்தில் ஆசிரியர். 1928–29இல் டெக்சஸின் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளின் பள்ளியில் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்காக மிகவும் பாடுபட்டார். அதே நேரம் விளையாட்டுத் திடலில்கூட ஸ்பானிய மொழி பேச விடமாட்டார். நாற்பதாண்டு கழித்து அதே கை அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டது. டெக்சஸின் 1918 சட்டம் 1969இல் நீங்கியது.

சான்செஸ் 1972இல் காலமானார். அவர் தொடங்கிய கேள்வி வேறு வடிவில் தொடர்ந்தது. அவர் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆஞ்செலா வாலன்சுவேலா, ஹூஸ்டனில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டு தங்கி ஆராய்ந்து 1999இல் நூல் வெளியிட்டார். ‘கழிக்கும் கல்வி’ என்பது நூலின் கருத்து. அந்தப் பள்ளி மாணவர்களுக்குப் புதிதாக ஒன்றைக் கூட்டவில்லை. அவர்கள் கொண்டுவந்த மொழியையும் உறவையும் ஒவ்வொன்றாகக் கழித்தது என்கிறார். அந்நூலில் என்னை நிறுத்திய இடம் வேறு. ‘இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை’ என்றார்கள் ஆசிரியர்கள். ‘இந்த ஆசிரியர்களுக்கு எங்கள்மேல் அக்கறை இல்லை’ என்றார்கள் மாணவர்கள். மதிப்பெண், ஒழுங்கு, வருகைப் பதிவு ஆகியவற்றின்மேல் காட்டும் அக்கறையை ஆசிரியர்கள் அக்கறை என்றார்கள். தன்னை ஓர் ஆளாகத் தெரிந்துவைத்திருப்பதை மாணவர்கள் அக்கறை என்றார்கள். இரு தரப்பும் அடுத்தவர் முதல் அடியை வைக்கட்டும் என்று ஆண்டு முழுவதும் காத்திருந்தன. ஸ்பானிய மொழியில் ‘எதுகாசியோன்’ என்ற சொல் படிப்பை மட்டும் குறிப்பதில்லை. மரியாதை, பொறுப்பு, பிறரோடு பழகும் பண்பு எல்லாம் அதில் அடக்கம். அந்தச் சொல்லோடு வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள், அந்தப் பொருளில் கல்வியைப் பள்ளியில் தேடினார்கள்.

சான்செஸின் ஒப்பீட்டை ஒரு பாடவேளையில் செய்து பார்க்கலாம். குறுவள மையக் கூட்டத்தில் நாங்கள் சிலர் செய்தோம். மூன்றாம் வகுப்பு வினாத்தாள் ஒன்றை எடுத்து, வினாக்களில் வரும் சொற்களை மட்டும் தனியே எழுதினோம். விடையில் வருபவை வேண்டாம். ‘வகைப்படுத்துக’, ‘பொருத்தமான’, ‘கீழ்க்காணும்’ போன்றவை மட்டும். அவற்றில் எவற்றை நாங்கள் அந்த ஆண்டில் ஒருமுறையாவது வாய்விட்டு விளக்கியிருந்தோம் என்று குறித்துப் பார்த்தோம். குறிக்க முடியாமல் விட்ட இடங்கள் நிறைய. முந்தைய தேர்வில் அந்த வினாக்களைத் தொடாமல் விட்டிருந்த இரண்டு பிள்ளைகளிடம் மறுநாள் அதே கேள்விகளை எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டேன். ஒருத்தி மூன்றுக்கும் சரியாகச் சொன்னாள். இன்னொருவன் ஒன்றுக்கும் சொல்லவில்லை. அவனுக்குப் பாடமே நடத்தப்பட வேண்டும்; அவளுக்கு இரண்டு சொற்கள் போதும். விடைத்தாளில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் இருந்தது.

ஆஸ்டினில் கல்வியியல் கல்லூரிக் கட்டடத்துக்கு 1995இல் ஜார்ஜ் ஐ. சான்செஸ் பெயரைச் சூட்டினார்கள்.